குதிரைமுகம்: இரும்புச் சுரங்கமும் மலையேற்றமும்

குதிரைமுகம் என்பது கர்நாடக மாநிலத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ள ஒரு மலைமுடியாகும். கன்னடத்தில் இது 'குதுரெமுக' எனப்படுகிறது. கடல் மட்டத்திலிருந்து இதன் உயரம் 1,894 மீட்டர், அதாவது 6,214 அடி. சிக்கமகளூர் மாவட்டமும் தட்சிண கன்னட மாவட்டமும் சந்திக்கும் எல்லையை ஒட்டி இம்முடி நிற்கிறது. கர்நாடகத்தின் மிக உயர்ந்த சிகரங்களுள் இதுவும் ஒன்று.

இம்மலையின் பெயரை இரண்டு வகை மக்கள் இரண்டு விதமாக அறிந்திருக்கிறார்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குக் குதிரைமுகம் என்றால் இரும்புத் தாது நினைவுக்கு வரும். பொது அறிவுப் புத்தகங்களில் இந்தியாவின் கனிமங்கள் பற்றிய பாடத்தில் அப்பெயர் தவறாமல் இடம்பெற்றிருந்தது. இன்றைய இளைஞர்களுக்கோ அது பச்சைப் புல்வெளி, மேகம், மலையேற்றம். ஒரே மலை ஒரு தலைமுறைக்குள் இப்படி வேறு பொருள் கொண்டது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் இயற்கை அமைப்பும்

மேற்குப் பக்கத்திலிருந்து, அதாவது கடலோரச் சமவெளியிலிருந்து பார்க்கும்போது மலைமுகடு குதிரையின் முகத்தைப் போலத் தோன்றுவதால் இப்பெயர் வந்தது. அரபிக்கடலில் வரும் கப்பலோட்டிகளுக்கு இம்முடி ஓர் அடையாளமாக இருந்தது. கிழக்கு அடிவாரத்திலுள்ள சம்சே என்னும் ஊரின் பெயரால் இதனைச் 'சம்சே பர்வதம்' என்றும் முன்பு அழைத்தனர்.

தென்மேற்குப் பருவமழை கடலிலிருந்து வந்து முதலில் மோதுவது இச்சுவரின் மீதுதான். எனவே ஆண்டு மழையளவு பல இடங்களில் 6,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. சென்னையில் ஓராண்டில் பெய்யும் மழையைப் போல நான்கு மடங்குக்கும் மேல் என்று ஒப்பிட்டுக்கொண்டால் இதன் அளவு விளங்கும்.

மலையின் மேற்பகுதி வெறும் காடு அன்று. முகடுகளில் புல்வெளியும், மடிப்புகளில் சோலைக்காடும் மாறி மாறி அமைந்துள்ளன. நீலகிரியையும் ஆனைமலையையும் அறிந்தவர்களுக்கு இவ்வமைப்பு புதிதன்று. புல்லின் வேர்களும் சோலையின் மட்கிய மண்ணும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, மழை நின்ற பின்னும் மெல்ல மெல்ல ஓடைகளுக்குக் கொடுக்கின்றன. துங்கை, பத்திரை, நேத்திராவதி ஆகிய மூன்று ஆறுகளும் இம்மலைத்தொடரிலுள்ள கங்கமூலம் என்னும் இடத்தருகே தோன்றுகின்றன. நேத்திராவதி மேற்கே ஓடி மங்களூரில் கடலில் கலக்கிறது. துங்கையும் பத்திரையும் கிழக்கே ஓடி, சிவமொக்கா அருகில் கூடலி என்னும் இடத்தில் ஒன்றாகித் துங்கபத்திரையாகி, பின்னர் கிருஷ்ணையில் சேர்கின்றன.

சிங்கவால் குரங்கு (சோலைமந்தி), புலி, சிறுத்தை, காட்டெருது, மிளா, மலை அணில் முதலிய விலங்குகள் இங்கு வாழ்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத சிங்கவால் குரங்கே பின்னாளில் இம்மலையின் வரலாற்றைத் திருப்பியது.

சென்னை மாகாணக் காலம்

தென் கன்னட மாவட்டம் 1956-ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்பு வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. மலையின் கிழக்குச் சரிவோ மைசூர் அரசின் ஆட்சியில் இருந்தது. ஆகவே ஆங்கிலேயர் காலத்தில் இம்முகடு சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் இடைப்பட்ட எல்லையாக விளங்கியது.

மங்களூரின் கோடை வெப்பத்தைத் தாங்க இயலாத ஐரோப்பிய அதிகாரிகளும் பாதிரிமார்களும் குளிர்ச்சியை நாடி இம்மலைக்கு ஏறி வந்தனர். உதகமண்டலம் போல ஒரு மலைவாழிடம் இங்கு உருவாகவில்லை. ஏறுவது கடினம், மழைக்காலமோ நீண்டது. இவை அதற்குத் தடையாக இருந்திருக்க வேண்டும். இன்றும் சிகரத்தின் அருகே இடிந்த தேவாலயம் ஒன்றின் கற்சுவர்களை மலையேறுவோர் காண்கின்றனர். பொழுதுபோக்குக்காகவும் ஓய்வுக்காகவும் மனிதர் இம்மலைக்கு வருவது சுரங்கத்துக்கும் முந்தைய பழக்கம் என்பதற்கு அச்சுவர்கள் சான்று.

தாது கண்டுபிடிப்பு

1913-ஆம் ஆண்டு மைசூர் அரசின் புவியியல் துறையைச் சேர்ந்த சம்பத் ஐயங்கார் இப்பகுதியில் இரும்புத் தாது இருப்பதைக் கண்டறிந்தார். சுரங்கம் அமைந்தது குதிரைமுகச் சிகரத்தின் மீது அன்று. அதற்கு வடக்கே மல்லேசுவரத்தை ஒட்டிய மலைகளில் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். சிகரத்தின் பெயர் நிறுவனத்துக்கும் நகரியத்துக்கும் சூட்டப்பட்டதால் இக்குழப்பம் பலருக்கு உண்டு.

கண்டறிந்த பின்னும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அத்தாதுவை யாரும் தொடவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, சாலையற்ற அடர்ந்த மழைக்காடு. இரண்டாவது, தாதுவின் தரம். பல்லாரிப் பகுதியின் ஹெமடைட் தாதுவில் இரும்பு 60 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். வெட்டி அப்படியே ஏற்றுமதி செய்யலாம். குதிரைமுகத்தில் இருந்தது மாக்னடைட் கலந்த குவார்ட்சைட் பாறை. அதில் இரும்பு 40 விழுக்காட்டுக்கும் குறைவு. அதை அப்படியே உலையில் இட முடியாது. பொடியாக்கி, மணலை நீக்கி, செறிவூட்டிய பின்னரே விற்க முடியும்.

1960-களில் தேசிய கனிம மேம்பாட்டுக் கழகம் இங்கு விரிவான ஆய்வுகளை மேற்கொண்டது. 1969-ஆம் ஆண்டு 4,605 ஹெக்டேர் பரப்புக்கு 30 ஆண்டுச் சுரங்கக் குத்தகை வழங்கப்பட்டது. அக்குத்தகை 1999-இல் முடிய வேண்டும். இந்த ஆண்டுக் கணக்கு பின்னால் முக்கியமாகிறது.

ஈரான் ஒப்பந்தம்

1973-இல் கச்சா எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தது. ஈரானிடம் பணம் குவிந்தது. மன்னர் ஷா தம் நாட்டில் பெரும் எஃகு ஆலைகளை நிறுவத் திட்டமிட்டார். அவற்றுக்குத் தாது தேவைப்பட்டது. இந்தியாவிடம் தாது இருந்தது, முதலீட்டுக்குப் பணம் இல்லை. இவ்வாறு 1975-ஆம் ஆண்டு இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஈரான் 63 கோடி டாலர் கடன் தரும். இந்தியா ஆண்டுதோறும் 75 இலட்சம் டன் செறிவூட்டிய தாதுவைத் தரும் என்பது உடன்பாடு.

1976 ஏப்ரலில் குதிரைமுக இரும்புத்தாது நிறுவனம் என்னும் மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆண்டின் பாதி நாள்கள் மழை கொட்டும் மலையில் சாலைகள், அணை, ஆலை, குடியிருப்பு யாவும் ஒருசேர எழுந்தன. மங்களூர்த் துறைமுகத்தில் இத்தாதுவுக்கெனத் தனிக் கப்பல் தளம் அமைக்கப்பட்டது. 1980-இல் ஆலை ஆயத்தமானது.

ஆனால் அதற்கு முன்பே, 1979-இல் ஈரானில் புரட்சி வெடித்து ஷாவின் ஆட்சி கவிழ்ந்தது. புதிய அரசு பழைய எஃகுத் திட்டங்களைக் கைவிட்டது. ஈரான் கடனில் ஒரு பகுதியை மட்டுமே கொடுத்திருந்தது. எஞ்சிய செலவை இந்திய அரசே ஏற்றது. ஒரே ஒரு வாடிக்கையாளருக்காகக் கட்டப்பட்ட ஆலை, வாடிக்கையாளர் இன்றி நின்றது. பின்னர் வேறு நாடுகளில் சந்தை தேடி, செறிவூட்டிய தாதுவை மேலும் மதிப்புள்ள உருண்டைகளாக்கி விற்கும் வழியை நிறுவனம் கண்டது. உருண்டை ஆலை 1987-இல் மங்களூரில் இயங்கத் தொடங்கியது. சப்பானும் சீனாவும் முக்கியக் கொள்முதலாளர்கள் ஆயின.

சுரங்கம் இயங்கிய முறை

குதிரைமுகத்தில் நடந்தது திறந்தவெளிச் சுரங்கம். குகைபோல் உள்ளே தோண்டுவதற்குப் பதிலாக மலையின் மேல்தோலை நீக்கி, படிப்படியாக வெட்டி இறங்குவது இம்முறை. அதன் படிநிலைகள் பின்வருமாறு:

1. வெடிவைத்துப் பெயர்த்த பாறை உடைக்கப்பட்டு, பெரிய அரைவைக் கலங்களில் நீருடன் சேர்த்து மாவுபோல் அரைக்கப்படும்.
2. மாக்னடைட் காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையுடையது. ஆகவே காந்தப் பிரிப்பான்கள் வழியாகச் செலுத்தி இரும்பை மணலிலிருந்து பிரிப்பர். காந்தத்துக்கு வசப்படாத ஹெமடைட் துகள்கள் எடை வேறுபாட்டைப் பயன்படுத்திப் பிரிக்கப்படும்.
3. கிடைத்த செறிவில் இரும்பு ஏறத்தாழ 67 விழுக்காடு. இது நீருடன் கலந்த குழம்பாக 67 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியே மலையிலிருந்து மங்களூரை அடுத்த பணம்பூருக்கு அனுப்பப்பட்டது. உயரத்திலிருந்து தாழ்வுக்கு ஓடுவதால் புவியீர்ப்பும் இதற்குத் துணை செய்தது.
4. பணம்பூரில் நீர் வடிகட்டப்பட்டு, செறிவு நேரடியாகக் கப்பலில் ஏற்றப்பட்டது அல்லது உருட்டிச் சுட்டு உருண்டைகளாக்கப்பட்டது.

பொறியியல் நோக்கில் இது போற்றத்தக்க சாதனையே. ஆனால் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 225 இலட்சம் டன் பாறையை அரைத்து 75 இலட்சம் டன் செறிவு பெறுவதற்காக ஆலை வடிவமைக்கப்பட்டது. அப்படியானால் மீதி 150 இலட்சம் டன், அதாவது மூன்றில் இரண்டு பங்கு, கழிவுச் சேறு. அதைத் தேக்குவதற்காக, பத்திரையின் துணை ஓடையான லக்யாவின் குறுக்கே ஏறத்தாழ 100 மீட்டர் உயர மண் அணை கட்டப்பட்டது. அப்பள்ளத்தாக்கின் சோலையும் புல்வெளியும் சேற்றுக்கடியில் புதைந்தன. இன்று படங்களில் அழகிய ஏரிபோல் தோன்றும் லக்யா அணை உண்மையில் ஒரு கழிவுத் தேக்கமே.

நகரியத்தின் வாழ்வு

மல்லேசுவரத்தில் எழுந்த குதிரைமுக நகரியம் பள்ளிகள், மருத்துவமனை, கடைகள், வங்கி, வழிபாட்டிடங்கள் என எல்லா வசதிகளும் கொண்டிருந்தது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்து வந்த பொறியாளர்களும் தொழிலாளர்களும் அங்குக் குடும்பத்துடன் வாழ்ந்தனர். அக்குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவே சொந்த ஊர். சுற்றியுள்ள களசா, சம்சே போன்ற சிற்றூர்களின் வணிகமும் அந்நகரியத்தைச் சார்ந்திருந்தது.

நிறுவனம் அமைத்த சாலைகளால் சுற்றுலாவும் வளர்ந்தது. சிருங்கேரிக்கும் ஹொரநாடு அன்னபூரணி கோயிலுக்கும் செல்வோர் இவ்வழியே பயணம் செய்து, கடம்பி அருவியிலும் அனுமன்குண்டி அருவியிலும் இறங்கி நீராடினர். சுரங்கமே பொழுதுபோக்குக்கும் வழி திறந்துவிட்டது என்பது இவ்வரலாற்றின் ஒரு விந்தை.

எதிர்ப்பும் வழக்கும்

1980-களின் தொடக்கத்தில் காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் கர்நாடகத்தில் சிங்கவால் குரங்குகளின் நிலையை ஆராய்ந்தார். இப்பகுதிக் காடுகளில் அவை நல்ல எண்ணிக்கையில் வாழ்வதை அவ்வாய்வு காட்டியது. அதன் தொடர்ச்சியாக 1987-ஆம் ஆண்டு சுமார் 600 சதுர கிலோமீட்டர் பரப்பு குதிரைமுகத் தேசியப் பூங்காவாக முதனிலை அறிவிப்புப் பெற்றது. இறுதி அறிவிப்பு 2001-இல் வந்தது. மழைக்காட்டுக்கான பூங்கா ஒன்று; அதன் நடுவே இயங்கும் சுரங்கம் ஒன்று. இம்முரண்பாடு நெடுநாள் நீடிக்க இயலாது.

மழைக்காலத்தில் சுரங்கத்தின் திறந்த மண் கரைந்து பத்திரையில் ஓடியது. ஆறு செம்பழுப்பாகக் கலங்கியது. நீர்ப்பிடிப்புப் பரப்பில் சுரங்கம் மிகச் சிறிய பகுதியே. ஆயினும் ஆறு சுமந்து சென்ற வண்டலில் பெரும்பங்கு அங்கிருந்தே வந்தது என்று அறிவியல் ஆய்வுகள் கண்டன. கீழ்நிலையில் பத்திரை அணையை நம்பியிருந்த உழவர்களுக்கு இது வயிற்றுப் பிரச்சினை. வண்டல் படிந்தால் அணையின் கொள்ளளவு குறையும்.

1999-இல் குத்தகை முடிந்தது. நிறுவனம் மேலும் 20 ஆண்டு நீட்டிப்புக் கோரியது. கங்கமூலத்தை ஒட்டிய புதிய பகுதிகளைத் தோண்டவும் விரும்பியது. அவ்விடம் மூன்று ஆறுகளின் பிறப்பிடம் என்பதால் எதிர்ப்பு வலுத்தது. தற்காலிக அனுமதிகளின் பேரில் சுரங்கம் தொடர்ந்து நடந்தது. அப்போது ஓய்வுபெற்ற வன அலுவலரும் இயற்கைப் பாதுகாவலருமான கே. எம். சின்னப்பா உச்ச நீதிமன்றத்தை நாடினார்.

2002 அக்டோபர் 30 அன்று தீர்ப்பு வந்தது. 2005 முடிவுக்குள் சுரங்கத்தை நிறுத்த வேண்டும், அதுவரை ஏற்கெனவே உடைக்கப்பட்ட பரப்பில் மட்டுமே வேலை செய்யலாம் என்ற வனக் குழுவின் பரிந்துரையை நீதிமன்றம் ஏற்றது. வழக்கில் எதிர்த்தரப்பில் நின்றது கள்ளத்தனமாகத் தோண்டும் தனியார் எவரும் அல்லர். அரசுக்குச் சொந்தமான, அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த பொதுத்துறை நிறுவனம். அதன் சுரங்கத்தையே காட்டுக்காக மூடச் சொன்னதால் இத்தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் தனியிடம் பெறுகிறது.

2005 டிசம்பர் 31 அன்று சுரங்கம் நின்றது. சீனாவின் தேவையால் உலகச் சந்தையில் இரும்புத் தாதுவின் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். மேற்பரப்பிலிருந்த இளகிய தாதுதான் வெட்டப்பட்டது. அதன் கீழுள்ள கடினமான மாக்னடைட் பெருமளவு இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது.

இழந்தவர் யார், பெற்றவர் யார்?

காடு வென்றது என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுவது வழக்கம். அது முழு உண்மை ஆகாது.

சுரங்கம் மூடியதும் நகரியம் காலியானது. தொழிலாளர்கள் மங்களூருக்கும் பிற ஊர்களுக்கும் பெயர்ந்தனர். ஒப்பந்தக் கூலியாட்களும் சிறு கடைக்காரர்களும் அவ்வளவு எளிதாகப் பெயர இயலவில்லை. பள்ளிகளும் வீடுகளும் ஆளின்றிப் பாசி பிடித்தன.

பூங்காவின் எல்லைக்குள் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த மலைக்குடியர் முதலிய மக்களுக்கு வேறுவிதத் துன்பம் நேர்ந்தது. மலையை வெட்டியது அவர்கள் அல்லர். ஆயினும் தேசியப் பூங்கா என்ற அறிவிப்பு அவர்கள் சிறுகாடுபொருள் சேர்ப்பதையும் நிலத்தில் பயிரிடுவதையும் கேள்விக்குள்ளாக்கியது. வெளியேற்றப்படுவோம் என்ற அச்சம் பரவியது. 2000-களின் தொடக்கத்தில் மாவோயிஸ்டுகள் இப்பகுதியில் காலூன்ற அந்த அச்சமும் ஒரு காரணமாயிற்று. காவல்துறையுடன் மோதல்கள் நடந்து உயிர்கள் பலியாயின. பின்னர் இழப்பீடு பெற்று விரும்பி வெளியேறும் திட்டங்கள் வந்தன. சிலர் ஏற்றனர், சிலர் இன்னும் அங்கேயே வாழ்கின்றனர்.

நிறுவனமும் அழிந்துவிடவில்லை. வேறு மாநிலச் சுரங்கங்களிலிருந்து தாதுவை வரவழைத்து மங்களூர் உருண்டை ஆலையை இயக்கிற்று. பல்லாரி மாவட்டம் சண்டூரின் தேவதாரி மலையில் புதிய சுரங்கம் தொடங்கவும் முயன்றது. அதுவும் காட்டு நிலம் என்பதால் பழைய விவாதம் அங்கே மீண்டும் எழுந்தது. ஒரு மலையைக் காத்தால் இரும்பின் தேவை குறைந்துவிடுவதில்லை, அது வேறொரு மலையை நோக்கி நகர்கிறது என்பதை இது காட்டுகிறது.

மலையேற்றக் காலம்

சுரங்கம் நின்றபின் மலையின் முதன்மையான வருகையாளர்கள் மலையேறுவோரே. முள்ளோடி என்னும் சிற்றூரிலிருந்து தொடங்கும் பாதை வழக்கமானது. போய்வர 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஆகும். ஓடைகளையும் சோலைகளையும் கடந்து, 'ஒண்டிமரம்' எனப்படும் தனிமரத்தைத் தாண்டிப் புல்வெளி முகடுகள் வழியாகச் சிகரத்தை அடையலாம். வனத்துறையின் முன் அனுமதி கட்டாயம். சிகரத்தில் இரவு தங்கக் கூடாது. காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். கோடையில் காட்டுத்தீ அபாயம் உள்ள காலங்களில் பாதை மூடப்படும். மழைக்காலத்தில் அட்டைக்கடி மிகுதி.

2012-ஆம் ஆண்டு மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை யுனெசுகோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது குதிரைமுகத் தேசியப் பூங்காவும் அப்பட்டியலில் இடம்பெற்றது. புகழ் கூடியதும் கூட்டமும் கூடியது. பெங்களூரிலிருந்து ஓர் இரவுப் பேருந்துப் பயணத்தில் வந்துவிடலாம் என்பதால் வார இறுதிகளில் நெரிசல் ஏற்பட்டது. 2024 சனவரியில் கர்நாடகத்தின் மற்றொரு சிகரமான குமார பர்வதத்தில் அளவுகடந்த கூட்டம் திரண்டதைத் தொடர்ந்து, மாநில அரசு மலையேற்றப் பாதைகளில் இணையவழி முன்பதிவையும் ஆள் வரம்பையும் வலியுறுத்தியது.

கைவிடப்பட்ட நகரியத்தில் சூழல் சுற்றுலா விடுதிகள் அமைக்கவும் நிறுவனம் முன்மொழிந்தது. சுரங்கத்தை வெளியேற்றிய காட்டுக்குள் விடுதிகளை நுழையவிடலாமா என்று இயற்கை ஆர்வலர்கள் அதை எதிர்த்தனர். சுற்றுலா புகையில்லாத தொழில் என்று சொல்லப்படுவதுண்டு. ஆனால் ஆயிரம் காலடிகள் பட்ட புல்வெளிச் சரிவில் மழை பெய்தால் அங்கும் மண் கரையும். வீசியெறிந்த நெகிழி ஓடையில் சேரும். சுரங்கத்தோடு ஒப்பிட இது சிறிது. எனினும் பத்திரைக்குப் போகும் வண்டல் எங்கிருந்து வந்தாலும் வண்டலே.

மாணவர்களுக்கு

குதிரைமுகத்தின் வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் ஆண்டுகளை வரிசையாக மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு திருப்பத்திலும் முடிவெடுத்தவர் யார், அதன் விளைவைச் சுமந்தவர் யார் என்று இரு பத்திகளில் எழுதிப் பார்க்கலாம். தெகுரானில் எழுந்த தேவைக்காக ஒரு சோலை புதைந்தது. அந்தத் தேவை மறைந்த பின்னும் தோண்டுதல் கால் நூற்றாண்டு தொடர்ந்தது, ஏனெனில் ஆலையைக் கட்டிவிட்டோம் என்பதே போதிய காரணமாகிவிட்டது. அதை நிறுத்த ஓர் ஆய்வாளரின் களப்பணியும், உழவர்களின் குரலும், ஓர் ஓய்வுபெற்ற வன அலுவலரின் வழக்கும் தேவைப்பட்டன.

வெட்டப்பட்ட சரிவுகளில் நிறுவனம் அகேசியா போன்ற வெளிநாட்டு மரங்களை நட்டது. தொலைவிலிருந்து பார்க்கப் பசுமைதான். ஆனால் அங்கு முன்பு இருந்தது அம்மரக்காடு அன்று; புல்லும் சோலையும். புல்வெளி தானே திரும்பி வருமா, எத்தனை காலம் ஆகும் என்பதைச் சரிவுகளில் நடந்து அளந்து பதிவு செய்யும் வேலை இனிவரும் ஆய்வு மாணவர்களுக்குக் காத்திருக்கிறது.